ட்ராம் கம்பெனியிலிருந்து செம்பு ஆலை வரை: கடல் கடந்து ஆடிய பெண் சென்டர்கள்

கூடைப்பந்தில் ஐந்து பேர் களத்தில் நிற்கிறார்கள். அவர்களில் கூடைக்கு மிக அருகே, பெரும்பாலும் கூடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆடுபவர் சென்டர். வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தவறிய பந்தைப் பலகையடியில் பிடிப்பது, எதிரணியின் எறிதலைத் தடுப்பது, பந்தைத் தட்டி வரும் தன் அணியின் கார்டுக்கு வழி திறக்க உடம்பால் மறைப்பது, நெருக்கத்தில் பந்தை வாங்கித் திரும்பிப் போடுவது எல்லாம் சென்டரின் வேலை. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதையும் தூரத்திலிருந்து எறிவதையும் பயிற்சியால் கற்றுத் தரலாம். உயரத்தைக் கற்றுத் தர முடியாது. ஓர் ஊரில் நல்ல கார்டுகள் பத்துப் பேர் கிடைத்தாலும் 1.95 மீட்டர் உயரமுள்ள ஒரு பெண் கிடைப்பது அரிது. அதனால்தான் பெண்கள் கூடைப்பந்தில் பணம் புழங்கத் தொடங்கிய நாள் முதல், வெளிநாட்டு வீராங்கனைக்கு ஓர் இடம் ஒதுக்கிய கிளப்புகள் அந்த இடத்துக்கு முதலில் ஒரு சென்டரைத் தேடின. அந்தச் சென்டருக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் யார் என்று பார்த்தால் இந்தத் தொழிலின் வரலாறு ஏறக்குறைய முழுவதும் தெரிந்துவிடும்.

‘சென்டர்’ என்ற பெயருக்கும் கூடைக்கும் முதலில் சம்பந்தம் இல்லை. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். அடுத்த ஆண்டே பக்கத்திலுள்ள ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரென்சன் அதை மாணவிகளுக்குக் கற்றுக் கொடுத்தார். பெண்கள் ஓடிக் களைத்துவிடக் கூடாது என்ற அந்தக் காலக் கவலையால் அவர் களத்தை மூன்றாகப் பிரித்தார். நடுப்பகுதியில் நின்றவர்களே சென்டர்கள். தங்கள் கோட்டைத் தாண்டிப் போய்க் கூடையில் போட அவர்களுக்கு அனுமதி இல்லை. ஆண்கள் ஆட்டத்தில் ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் நடு வட்டத்தில் பந்தைத் தூக்கிப் போட்டு, இரு அணியிலும் ஒருவர் எம்பித் தட்டும் வழக்கம் 1937 வரை இருந்தது. தட்டுவதற்கு அணியிலேயே உயரமானவரை நிறுத்தினார்கள். நடு வட்டத்து வழக்கம் போய்விட்ட பிறகும் அந்த உயரமானவர் கூடையடிக்கு நகர்ந்து பெயரைக் காப்பாற்றிக்கொண்டார்.

அமெரிக்கப் பெண்கள் இந்தக் கோடுகளிலிருந்து விடுபட வெகுகாலம் ஆயிற்று. கல்லூரிகளில் ஐவர் அணி, முழுக் களம் என்ற முறை 1971இல்தான் நிலைத்தது. அயோவா மாநிலப் பள்ளிகளில் ஆறு பேர் ஆட்டம் 1993 வரை நீடித்தது. ஐரோப்பாவில் பெண்கள் வெகுமுன்பே ஆண்களின் விதிகளிலேயே ஆடி வந்தார்கள். ஆகவே பெண்கள் கூடைப்பந்தின் முதல் பெரிய சென்டர் ஆட்டம் பிறந்த நாட்டில் தோன்றவில்லை. பால்டிக் கடற்கரையில், ட்ராம் வண்டிகளை ஓட்டிய ஒரு நிறுவனத்தின் அணியில் தோன்றினார்.

லாட்வியாவின் தலைநகர் ரீகாவில் 1958இல் தொடங்கிய அந்த அணியின் பெயர் டி.டி.டி. ‘ட்ராம் மற்றும் ட்ராலிபஸ் டிரஸ்ட்’ என்பதன் லாட்விய முதலெழுத்துகள் அவை. நகரப் போக்குவரத்து நிர்வாகத்தின் விளையாட்டுப் பிரிவு அது. லாட்வியாவும் அன்று அடங்கியிருந்த சோவியத் ஒன்றியத்தில் தொழில்முறை விளையாட்டு என்று எதுவும் கிடையாது என்பது அரசின் நிலைப்பாடு. வீரர்கள் ஏதோ ஓர் ஆலை, படைப்பிரிவு, போக்குவரத்துக் கழகம் ஆகியவற்றின் பெயரில் பதிவாகியிருப்பார்கள். செய்யும் வேலை பந்தாட்டம்தான். ரயில்வேயிலும் வங்கியிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்து அணிக்கு ஆடும் நம் ஊர்க்காரர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதே இல்லை. ஐரோப்பிய சாம்பியன்கள் கோப்பையை டி.டி.டி. 1960க்கும் 1982க்கும் இடையில் 18 முறை வென்றது. வேறெந்தப் பெண்கள் அணியும் அந்த எண்ணிக்கையை நெருங்கியதில்லை.

உல்யானா செம்யோனோவா அந்த அணியில் சேர்ந்தபோது பள்ளிச் சிறுமி. 1952 மார்ச் 9ஆம் தேதி, லாட்வியாவின் தென்கிழக்கு மூலையில் டௌகவ்பில்ஸ் நகருக்கு அருகிலுள்ள மெடுமி என்னும் கிராமப் பகுதியில், ரஷ்ய மொழி பேசும் குடும்பத்தில் பிறந்தவர். கிராமத்தில் அசாதாரண உயரத்தில் ஒரு பெண் வளர்கிறாள் என்ற செய்தி ரீகாவுக்குப் போக, தேடி வந்து அழைத்துப் போனார்கள். முழுதாக வளர்ந்தபோது அவர் சுமார் 2.10 மீட்டர். காலுக்கான ஷூ கடையில் கிடைக்காது. தனியாகத்தான் செய்ய வேண்டும். ரைமண்ட்ஸ் கார்னீடிஸ் என்ற பயிற்சியாளரிடம் அவர் வளர்ந்தார்.

செம்யோனோவாவின் ஆட்டத்தைப் படங்களில் பார்ப்பவருக்கு முதலில் மெதுவாகத் தோன்றும். களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அவர் நிதானமாக வருவார். அதுவரை தோழிகள் பந்தைச் சுற்றுக்கு விட்டுக்கொண்டிருப்பார்கள். அவர் கூடையடியில் வந்து நின்று கையை உயர்த்தியதும் பந்து அந்தக் கைக்குப் போகும். எதிரணியில் இருவர், சில நேரம் மூவர், அவர் முழங்கை உயரத்தில் எம்பிக்கொண்டிருப்பார்கள். பந்தைத் தலைக்கு மேலிருந்து கீழே இறக்காமலே அவர் திரும்பிப் போட்டுவிடுவார். குதிக்க வேண்டிய தேவையே பல நேரம் வராது. பந்தை மார்பளவுக்கு இறக்கினால் குட்டையானவர் தட்டிப் பறித்துவிடுவார் என்பது சென்டர்கள் முதலில் கற்கும் பாடம். அந்த உயரத்தோடு நல்ல கைப்பிடியும் பாஸ் கொடுக்கும் கண்ணும் அவருக்கு இருந்தன. வெறும் உயரம் என்று அவரைத் தள்ளிவிட்டவர்கள் அதைக் கவனிக்கவில்லை.

பெண்கள் கூடைப்பந்து ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்ந்தது 1976இல், மான்ட்ரியலில். சோவியத் அணி அமெரிக்காவை 112–77 என்ற கணக்கில் வென்று தங்கம் பெற்றது. செம்யோனோவாவுக்கு அப்போது 24 வயது. எதிரே நின்ற அமெரிக்க சென்டர் லூசியா ஹாரிஸ், மிசிசிப்பியின் பருத்தி விளையும் பகுதியிலிருந்து வந்தவர். ஒலிம்பிக் பெண்கள் கூடைப்பந்தின் முதல் கூடையைப் போட்டவர் அவர்தான். நான்கு ஆண்டுகள் கழித்து மாஸ்கோவிலும் செம்யோனோவாவுக்குத் தங்கம். 1971, 1975, 1983 உலகப் போட்டிகள், பத்து ஐரோப்பியப் பட்டங்கள், டி.டி.டி.யோடு 11 ஐரோப்பியக் கோப்பைகள் என்று பட்டியல் நீள்கிறது.

இத்தனைக்கும் அவர் ஒரு வெளிநாட்டுக் கிளப்பில் ஆடக் கிடைத்த காலம் மிகச் சொற்பம். போட்டிக்காக ஐரோப்பா முழுவதும் சுற்றினார். ஒப்பந்தம் போட்டுத் தங்க அனுமதி இல்லை. உச்சத்தில் இருந்த ஆண்டுகள் எல்லாம் அப்படியே போயின. கோர்பச்சேவ் காலத்தில் கதவு சற்றே திறந்தபோது, 1987இல், மாட்ரிட்டுக்குப் பக்கத்திலுள்ள ஹெதாஃபே நகரின் டின்டொரெட்டோ அணிக்கு அவர் போனார். அப்போது வயது 35, மூட்டுகள் தேய்ந்திருந்தன. அடுத்து பிரான்சில் வலான்சியென்–ஆர்ஷி அணி. அந்த ஆண்டுகளில் வெளிநாடு போன சோவியத் விளையாட்டுக்காரர்களின் சம்பளத்தில் பெரும் பகுதியை அரசின் விளையாட்டு நிர்வாகமே எடுத்துக்கொண்டது. நாட்டுக்காக வாழ்நாளையே ஆடிக் கொடுத்த ஒருவருக்கு இப்படி நடந்ததை இன்று படித்தாலும் மனம் ஒப்பவில்லை. 1993இல் அமெரிக்காவின் நெய்ஸ்மித் புகழ் மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அமெரிக்கர் அல்லாத பெண்களில் அவரே முதலாமவர். லாட்வியா விடுதலை அடைந்த பிறகு, முதுமையிலும் நோயிலும் வறுமைப்பட்ட பழைய ஒலிம்பிக் வீரர்களுக்கு உதவும் நிதியை நடத்தும் பொறுப்பை அவர் ஏற்றார்.

அதே காலத்தில் அமெரிக்கச் சென்டர்களுக்கு வேறுவிதமான தடை இருந்தது. அவர்களைப் போக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. உள்நாட்டில் வேலைதான் இல்லை. லூசியா ஹாரிஸ் 1977இல் டெல்டா ஸ்டேட் கல்லூரியை மூன்றாம் முறையாகத் தேசியப் பட்டத்துக்கு இழுத்துச் சென்றார். அதே ஆண்டு ஆண்கள் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.யின் நியூ ஆர்லியன்ஸ் அணி வீரர் தேர்வில் அவர் பெயரையும் சொன்னது, அவர் போகவில்லை. 1978இல் தொடங்கிய பெண்கள் தொழில்முறை லீக் மூன்று சீசனில் மூடப்பட்டது. ஹூஸ்டன் அணியில் சிறிது காலம் ஆடிவிட்டு அவர் ஊருக்குத் திரும்பினார்.

அடுத்த தலைமுறைக்கு ஜப்பானும் இத்தாலியும் வழி காட்டின. ஆன் டோனவன் 2.03 மீட்டர் உயரம். ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகளில் ஒரு தேசியப் பட்டத்தில் பங்கு வகித்தவர். 1980 ஒலிம்பிக்குக்குத் தேர்வாகியும் அமெரிக்கப் புறக்கணிப்பால் போக முடியாமல் நின்றவர். 1983இல் படிப்பு முடிந்ததும் ஜப்பானில் ஷிஸுவோகா நகரின் அணிக்குப் போய் ஐந்து ஆண்டுகள் அங்கேயே ஆடினார். அந்த அணியை நடத்தியது ஷான்ஸோன் என்ற அழகுசாதன நிறுவனம். ஜப்பானில் பெண்கள் லீக் முழுவதும் இப்படித்தான்: வங்கி, மின்சாதனக் கம்பெனி, நூற்பாலை என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயரில் ஓர் அணியை வைத்திருந்தது. கம்பெனியின் பெண் ஊழியர்கள்தான் அணி. அதற்குள் வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர். இடையில் நாடு திரும்பி 1984, 1988 ஒலிம்பிக்குகளில் டோனவன் தங்கம் வென்றார். பிறகு இத்தாலியிலும் சிறிது காலம் ஆடினார். வெளிநாட்டில் ஒற்றை ஆளாக இருந்து பழகிய இவர்தான் 2004இல் சியாட்டில் அணிக்குப் பயிற்சியளித்து, அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.யின் பட்டம் பெற்றுத் தந்த முதல் பெண் பயிற்சியாளர் ஆனார். 2018இல் 56 வயதில் காலமானார்.

டபிள்யூ.என்.பி.ஏ. 1997 ஜூனில் தொடங்கியதும் போக்குவரத்து இரண்டு பக்கமும் நடந்தது. சீன ராணுவ அணியான பாயியில் வளர்ந்த ஜெங் ஹாய்ஷியா, 2.04 மீட்டர், 1992 பார்சிலோனாவில் வெள்ளி வென்றவர், 1994 உலகப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர். அவர் முதல் சீசனிலேயே லாஸ் ஏஞ்சலஸ் அணியில் சேர்ந்தார். ரஷ்யாவின் மரியா ஸ்டெபனோவா ஃபீனிக்ஸுக்குப் போனார். ஆண்கள் ஆட்டத்துக்கு இடையூறு வராத கோடையில் லீக்கை வைத்ததுதான் இந்தத் தொழிலின் காலண்டரைத் தீர்மானித்தது. அமெரிக்க சீசன் அன்று ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை. ஐரோப்பிய சீசன் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. இரண்டும் பெரும்பாலும் இடிக்காமல் அடுத்தடுத்து வந்ததால், ஒருவரே இரண்டிலும் ஆட முடிந்தது. ஓய்வுக்கு மட்டும் மாதம் மிஞ்சவில்லை.

இந்த இரட்டை வாழ்க்கைக்கு மல்கோர்சாதா டிடெக் போல இன்னொரு முழு உதாரணம் கிடைக்காது. போலந்தில் 1974இல் பிறந்தவர். உலகம் அவரை மார்கோ என்றே அழைத்தது. 2.18 மீட்டர் உயரம், தொழில்முறைப் பெண்கள் கூடைப்பந்தில் அந்நாளில் எவரும் எட்டாதது. சகோதரிகள் இருவரும் கூடைப்பந்து ஆடியவர்கள். செம்யோனோவா வயதான காலத்தில் நடந்த அதே பாதையில் மார்கோ இளமையிலேயே நடந்தார்: முதலில் பிரான்சின் வலான்சியென்–ஆர்ஷி, பிறகு ஸ்பெயினின் ஹெதாஃபே. 1998இல் அமெரிக்கத் தேர்வில் முதல் ஆளாக யூட்டா அணி அவரை எடுத்தது. 1999இல் போலந்துக்கு ஐரோப்பியப் பட்டம். குளிர்காலங்களில் க்டினியா துறைமுக நகரின் அணி. அதன் சட்டையில் லோட்டோஸ் எண்ணெய் சுத்திகரிப்பு நிறுவனத்தின் பெயர். அமெரிக்காவில் அவர் தடுத்த எறிதல்கள் 877, வெகுகாலம் நின்ற சாதனை. சென்ற நாடுகளின் மொழிகளை எல்லாம் கற்றுக்கொண்டு, போலிஷ், ரஷ்யன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஆங்கிலம் என ஐந்தில் பேசுவார். கடைசியாக ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் குடியேறிப் பயிற்சியாளரானார். 2011 மே மாதம் அங்கேயே மாரடைப்பால் விழுந்து, எட்டு நாள் நினைவு திரும்பாமல், 37 வயதில் இறந்தார். அப்போது மூன்றாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார்.

ஆஸ்திரேலியாவிலிருந்து எதிர்த்திசையில் புறப்பட்டவர் லாரன் ஜாக்சன். அல்பரி என்ற சிறு நகரில் பிறந்தவர். தாயும் தந்தையும் தேசிய அணிக்கு ஆடியவர்கள். தாயின் 15ஆம் எண் சட்டையையே மகளும் அணிந்தார். 1.96 மீட்டர் உயரம். கூடையடியிலும் ஆடுவார், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே வந்தும் எறிவார். சென்டர் என்றால் கூடையை விட்டு நகராதவர் என்ற பழைய கணக்கை மாற்றியவர்களில் அவர் முக்கியமானவர். 2001இல் சியாட்டில் அவரை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. 2003, 2007, 2010 என மூன்று முறை லீக்கின் சிறந்த ஆட்டக்காரர். 2007 தொடக்கத்தில் தென் கொரியாவில் சாம்சங் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் அணிக்கு ஆடியபோது ஒரே ஆட்டத்தில் 56 புள்ளிகள் குவித்தார். கொரிய லீக்கில் அன்றும் இன்றும் பெரும்பாலான அணிகள் வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் சொந்தம்.

அடுத்து அவர் போன இடம் மாஸ்கோ பகுதியின் ஸ்பார்டக். ஷப்தாய் கல்மனோவிச் என்ற செல்வந்தர் அந்த அணியைத் தன் ஆசைக்கு நடத்தினார். சோவியத் உளவாளி என்று இஸ்ரேலில் சிறை இருந்தவர். பின்பு மாஸ்கோவில் இசை நிகழ்ச்சிகளும் வணிகமும் செய்து பணம் சேர்த்தவர். ஜாக்சன், அமெரிக்க கார்டுகள் சூ பேர்ட், டயானா டோராசி ஆகியோரை ஓரிடத்தில் கூட்டினார். நீச்சல் குளத்தோடு வீடு, கார், ஓட்டுநர், முதல் வகுப்பு விமானச் சீட்டு; அமெரிக்காவில் அதே பெண்கள் சாதாரண வகுப்பில், முழங்கால் முன் இருக்கையில் இடிக்கப் பறந்துகொண்டிருந்தார்கள். அரங்குகள் சிறியவை, டிக்கெட் வருமானம் மிகக் குறைவு. ஸ்பார்டக் 2007 முதல் 2010 வரை தொடர்ந்து நான்கு முறை ஐரோப்பிய லீக்கை வென்றது. 2009 நவம்பர் 2ஆம் தேதி மாஸ்கோ வீதியில் காருக்குள் இருந்த கல்மனோவிச்சைத் துப்பாக்கிக்காரர்கள் சுட்டுக் கொன்றார்கள். விரைவிலேயே அந்தக் கிளப்பின் பொற்காலம் முடிந்தது.

ஸ்பார்டக்கின் இடத்துக்கு யூரல் மலைப் பகுதியிலிருந்து ஓர் அணி வந்தது. யெகாத்தரின்பர்க்கின் யூ.எம்.எம்.சி. அணி, செம்பு எடுத்து உருக்கும் யூரல் சுரங்க உலோக நிறுவனத்துக்குச் சொந்தம். 2013, 2016, 2018, 2019, 2021 ஆகிய ஆண்டுகளில் அது ஐரோப்பிய லீக்கை வென்றது. சம்பள வித்தியாசத்தை ஒரு கணக்கில் பார்க்கலாம். 2.06 மீட்டர் உயரமுள்ள பிரிட்னி கிரைனர், பேலர் பல்கலைக்கழகத்துக்காக ஒரு சீசனில் 40 ஆட்டங்களில் நாற்பதையும் வென்றவர், 2013இல் ஃபீனிக்ஸின் முதல் தேர்வு. முதலாண்டு அமெரிக்கச் சம்பளம் ஐம்பதாயிரம் டாலருக்குள். அதே குளிர்காலத்தில் சீனாவின் ஜெஜியாங் அணிக்கு நான்கு மாதம் ஆட அவருக்குச் சுமார் 6 லட்சம் டாலர் கிடைத்ததாகச் செய்திகள் சொல்லின. பிறகு அவர் யெகாத்தரின்பர்க் போனார். 2015இல் டோராசி அமெரிக்க சீசனில் ஆடாமல் ஓய்வெடுக்கட்டும் என்றே அந்த ரஷ்யக் கிளப் அவருக்குப் பணம் கொடுத்தது. அமெரிக்க லீக்கில் அன்று உச்சச் சம்பளமே ஒரு லட்சம் டாலரைச் சற்றுத் தாண்டியதுதான். அப்படியிருக்க, பேராசையால் போனார்கள் என்று அவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே நீடிக்கும் தொழில் அது.

உடம்பு அதற்கு விலை கொடுத்தது. சென்டர் ஒவ்வொரு முறையும் இடுப்பாலும் தோளாலும் இன்னொரு சென்டரைத் தள்ளி இடம்பிடிக்கிறார். எம்பி இறங்கும்போது முழு எடையும் முழங்காலில் இறங்குகிறது. இதை ஆண்டில் பதினோரு மாதம் செய்தால் என்ன ஆகும் என்பதை ஜாக்சனின் மருத்துவக் குறிப்புகள் சொல்லும். இடுப்பு, தொடை, முழங்கால் என்று வரிசையாக அறுவை சிகிச்சைகள். 2016இல் முழங்கால் இனி இடம் தராது என்று விலகினார். தன் உடம்பைக் காத்துக்கொண்டு நெடுங்காலம் நின்றவர் அமெரிக்கச் சென்டர் சில்வியா ஃபவுல்ஸ். ரஷ்யா, துருக்கி, சீனா என்று குளிர்காலங்களைக் கழித்து, பெய்ஜிங் அணியோடு சீனப் பட்டங்களும் மின்னசோட்டாவோடு 2015, 2017 அமெரிக்கப் பட்டங்களும் வென்று, 2022இல் தானாகவே ஓய்வு பெற்றார். ஆடிக்கொண்டிருந்தபோதே இறந்தோர் உடலைப் பேணிச் சடங்குக்கு ஆயத்தப்படுத்தும் படிப்பையும் அவர் படித்தார்.

தனிமையும் இந்தத் தொழிலின் ஒரு பகுதி. மொழி தெரியாத ஊரில் பயிற்சி, ஹோட்டல் அறை, விமானம், மறுபடி பயிற்சி. கட்டில் நீளம் போதாது. ஆறடிக்கு மேற்பட்டவர்களுக்குக் கடையில் உடுப்பு இல்லை. தெருவில் நின்று பார்ப்பவர்களின் கண்ணுக்குப் பழகிக்கொள்ள வேண்டும். கிளப்புகள் சிலவற்றில் சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையில் நிற்கும். கேட்டு வாங்குவதற்குள் ஒப்பந்தக் காலமே முடிந்துவிடும்.

இந்தியாவிலிருந்து இந்தப் பாதையில் நடந்த சென்டர் கீத்து அன்னா ஜோஸ். கேரளத்தின் கோட்டயம் பக்கத்துக்காரர், ஆறடி இரண்டங்குலம். அவருக்கு வேலையும் மைதானமும் கொடுத்தது சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட தெற்கு ரயில்வே. ரீகாவில் ட்ராம் நிர்வாகம் செய்ததை இங்கே ரயில்வே செய்தது. 2006 முதல் சில சீசன்கள் ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநில லீக்கின் ரிங்வுட் அணிக்கு ஆடினார். அங்கே ஒரு கிளப் அணிக்கு ஒப்பந்தமான முதல் இந்தியப் பெண் அவர். 2009இல் ஆசிய சாம்பியன்ஷிப் சென்னையின் நேரு உள்விளையாட்டரங்கில் நடந்தபோது இந்திய அணியின் பலகையடி அவர் பொறுப்பில் இருந்தது. 2011இல் மூன்று டபிள்யூ.என்.பி.ஏ. அணிகள் அவரைச் சோதனைப் பயிற்சிக்கு அழைத்தன. இடம் கிடைக்கவில்லை என்றாலும் அந்த அழைப்பு வரை வந்த முதல் இந்தியப் பெண் அவரே. தாய்லாந்து லீக்கிலும் ஆடினார். 2014இல் அர்ஜுனா விருது பெற்றார்.

பெண்களின் பழைய கூடைப்பந்திலிருந்து இங்கிலாந்தில் பிரிந்து வளர்ந்த வலைப்பந்திலும் இதே கதை உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம், 2 மீட்டரைத் தாண்டிய உயரம், 2009இலும் 2018இலும் இலங்கை ஆசியப் பட்டம் வெல்லக் காரணமாக இருந்தார். அவரையும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாதான் அழைத்துப் போய் ஆட வைத்தது.

2022 பிப்ரவரி 17ஆம் தேதி, சீசனின் பிற்பாதிக்காக யெகாத்தரின்பர்க் திரும்பிய கிரைனர் மாஸ்கோவின் ஷெரெமெத்யெவோ விமான நிலையத்தில் தடுக்கப்பட்டார். பையில் கஞ்சா எண்ணெய் அடைத்த சிறு குப்பிகள். மொத்தம் ஒரு கிராமுக்கும் குறைவு. அரிசோனாவில் வலிக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்தது அது. ஒரு வாரத்தில் உக்ரைன் போர் தொடங்கியது. ஆகஸ்ட் 4ஆம் தேதி ஒன்பது ஆண்டு சிறைத் தண்டனை. மோர்தோவியாவின் யாவாஸ் ஊரிலுள்ள பெண்கள் சிறைமுகாமில் கைதிகள் சீருடை தைக்கிறார்கள். தையல் இயந்திரத்தின் முன் அவரால் உட்கார முடியாததால் துணிக்கட்டுகளைச் சுமந்து போடும் வேலை அவருக்குத் தரப்பட்டதாகச் செய்தி வந்தது. உறைபனியில் தலைமுடி காயாமல் சளி பிடித்ததால் நீண்ட சடைகளை வெட்டிக்கொண்டார். டிசம்பர் 8ஆம் தேதி அபுதாபி விமான நிலையத்தில், ஆயுத வணிகர் விக்டர் பௌட்டுக்கு மாற்றாக அவர் விடுவிக்கப்பட்டார்.

அதே ஆண்டு ரஷ்யக் கிளப்புகள் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் பலர் ஒப்பந்தத்தைப் பாதியில் விட்டு வெளியேறினார்கள். அதிக சம்பளம் தந்த சந்தை ஒரு மாதத்தில் மூடியது. துருக்கியின் ஃபெனர்பாஹ்சே 2023, 2024 ஐரோப்பிய லீக்குகளை வென்றது. அமெரிக்க லீக் 2020 ஒப்பந்தத்தில் உச்சச் சம்பளத்தை இரண்டு லட்சம் டாலருக்கு மேல் உயர்த்தியிருந்தது. 2023 முதல், வெளிநாட்டிலிருந்து தாமதமாக வரும் அனுபவசாலிகளுக்கு அபராதம், அடுத்த ஆண்டு முதல் சீசன் முழுவதும் தடை என்று விதித்தது. 2024இல் அணிகளுக்குத் தனி விமானம் வந்தது.

2022 செப்டம்பரில் சிட்னியில் நடந்த உலகக் கோப்பைக்கு லாரன் ஜாக்சன் 41 வயதில் திரும்பி வந்தார். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் கனடாவுக்கு எதிராக 30 புள்ளிகள் எடுத்தார். அந்தப் போட்டியில் வெள்ளி சீனாவுக்கு. அதன் சென்டர் ஹான் ஷு நியூயார்க்கின் கோடைக்கால அணியிலிருந்து வந்தவர்.

ஒலிம்பிக்குக்காக அல்லாமல் இனி வெளிநாடு போகப் போவதில்லை என்று கிரைனர் 2023 ஏப்ரலில் அறிவித்தார். 2024 ஆகஸ்டில் பாரிஸில் பிரான்சை 67–66 என்று வென்ற அமெரிக்க அணியில் அவர் இருந்தார். 2025 ஜனவரியில் மயாமியில் அன்ரைவல்ட் என்ற மூவர் அணி லீக் தொடங்கியது. ஆட்டக்காரர்களுக்கும் அதில் பங்கு உண்டு. தொழிலில் சேர்ந்ததிலிருந்து குளிர்காலங்களைச் சீனாவிலும் ரஷ்யாவிலும் ஆடிக் கழித்த கிரைனர் அந்தக் குளிர்காலத்தில் சொந்த நாட்டில் சம்பளத்துக்கு ஆடினார்.